ஞாயிறு விடுமுறைத் தீர்மானம்

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிறேன். கோர்ட் ஸ்டாப்பிங் வரைக்கும்தான் நான். கோர்ட்டுன்னதும் தள்ளி உக்கார வேணாம். நான் அடிதடிக்காரன் இல்ல. டூவீலர் மெக்கானிக். எங்க ஊர் டூவீலர் மெக்கானிக் சங்கத்துக்குத் தலைவர். முன்னாள் தலைவர்னு ஊருக்குள்ள சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க. உன்னை நீக்குறோம்னு யாரும் எனக்கு ஒரு லெட்டர் கொடுக்கல, கூட்டம் போட்டுச் சொல்லல. அப்புறம் எப்படி முன்னாள்? எந்த ஊருன்னு கேக்காதீங்க. பேப்பர்ல வந்தது போதும்.

என் பேரு குருவலிங்கம். முப்பத்தோரு வருஷமா இதே தொழில். அறுபத்து மூணு கடை எங்க சங்கத்துல. எனக்கு முன்னாடி பரமானந்தம் அண்ணன் பதினாலு வருஷம் தலைவரா இருந்தாரு. நல்ல மனுசன். அதுதான் அவருகிட்ட குறை. ஆயுத பூசைக்கு ஒரு கூட்டம், யாராவது செத்தா ஒரு மாலை. சங்கம்னா அவ்வளவுதான்னு வச்சிருந்தாரு.

போன டிசம்பருக்கு முந்தின டிசம்பர்ல தவசின்னு ஒரு மெம்பர் செத்துப்போனான். நாப்பத்தாறு வயசு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், பழைய புல்லட் ஒண்ணுக்குப் பக்கத்துல மல்லாக்கப் படுத்துக் கிடந்திருக்கான். சம்சாரம் சோத்துத் தூக்கோட வந்து, "எந்திரிங்க, ஆறிப்போகுது"ன்னு ரெண்டு தரம் கூப்பிட்டிருக்கு. மூணாவது தரம் காலைத் தொட்டுப் பாத்திருக்கு. பதினோரு வருஷமா ஒரு நாள் லீவு போட்டதில்ல அவன். கையில புடிச்சிருந்த ஸ்பேனரைப் பிரிச்சு எடுத்தது நான்தான் தம்பி. ஒவ்வொரு விரலா நிமித்தி எடுத்தேன்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நான் தலைவரா வந்தா ஞாயித்துக்கிழமை ஒரு கடை திறக்கக் கூடாது. மனுசன் வீட்டுல கிடந்து தூங்கட்டும், பிள்ளை குட்டியோட சாப்பிடட்டும். இதுல என்ன தப்பு? ஜட்ஜ் கிட்டயும் இதைத்தான் சொல்லணும்னு இருக்கேன். ஆரம்பிச்ச காரியத்துல தப்பு இருக்கான்னு பாருங்கய்யான்னு.

ஜனவரி ஒண்ணாம் தேதி கூட்டம். சமுதாயக் கூடத்துல வச்சோம். மலைச்சாமிதான் என் பேரை முன்மொழிஞ்சான். அவனைச் செயலாளராப் போட்டோம். முப்பத்தாறு வயசு, கல்லு மாதிரி உடம்பு. நான் நில்லுன்னா நிப்பான், உக்காருன்னா உக்காருவான். அப்படி ஒரு ஆள் கிடைக்கிறது பெரிய விஷயம். புது வருஷத்துக் காலண்டர் நான் முன்கூட்டியே அடிச்சு வச்சிருந்தேன். நடுவுல என் போட்டோ. ஞாயித்துக்கிழமைத் தாள்ல எல்லாம் சிவப்பு எழுத்துல 'சங்க விடுமுறை'. தீர்மானம் போடுறதுக்கு முன்னாடியே எப்படி அடிச்சன்னு பரமானந்தம் அண்ணன் கேட்டாரு. அவருக்கு எல்லாமே சந்தேகம்தான்.

தீர்மானத்தை வாசிச்சேன். கை தூக்குங்கன்னேன். எல்லாரும் தூக்குனாங்க. தேவநேசன் மட்டும் எந்திரிச்சு நின்னான்.

தேவநேசன் யாருன்னா, நானும் அவனும் ஒரே பட்டறையில தொழில் படிச்சவங்க. ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம். என் கல்யாணத்துக்கு எனக்கு மோதிரம் போட்டவன் அவன். அவங்க கிறிஸ்தவ சபையில சனிக்கிழமைதான் ஓய்வு நாள். அவங்க அப்பா காலத்துல இருந்தே அப்படி. சனிக்கிழமை அடுப்புகூடப் பத்த வைக்க மாட்டாங்க, வெள்ளிக்கிழமையே சமைச்சு வச்சிருவாங்க. அதனால சனிக்கிழமை கடை அடைப்பான், ஞாயித்துக்கிழமை திறப்பான்.

"குரு, வாரத்துல ஒரு நாள் விடுமுறைன்னு எழுது. ஞாயிறுன்னு எழுதாத. நான் சனிக்கிழமை அடைக்கிறேன்ல"ன்னான்.

"உனக்கு ஒரு நாள், ஊருக்கு ஒரு நாளா? அப்புறம் இன்னொருத்தன் எனக்கு வெள்ளிக்கிழமைம்பான். சங்கம்னா ஒரே நாள்"னு சொன்னேன்.

"அப்ப ரெண்டு நாள் அடைக்கச் சொல்றியா?"

"அது உன் இஷ்டம்"னேன்.

கூட்டத்துல சிரிச்சாங்க. அவன் சிரிக்கல. கையும் தூக்கல. உக்காந்துட்டான். ஒரு கை குறைஞ்சுதான் தீர்மானம் நிறைவேறுச்சு. அந்த ஒரு கை எனக்குக் கண்ணுல தூசி விழுந்த மாதிரி உறுத்திக்கிட்டே இருந்தது.

ஜனவரி பூராவும் நல்லாத்தான் போச்சு. ஞாயித்துக்கிழமை காலையில பத்து வண்டியில கிளம்புவோம். எந்தக் கடை திறந்திருக்குன்னு ஒரு சுத்து. திறந்திருந்தா நின்ன வண்டி டயர்ல காத்தைப் பிடுங்கி விடுவோம். அவ்வளவுதான். ரெண்டு பேரு ரொம்பப் பேசுனாங்க. அவங்க டூல் பாக்ஸைத் தூக்கிச் சாக்கடையில போட்டோம். சங்கம்னா ஒரு பயம் வேணும்ல தம்பி. பதினாலு வருஷம் அது இல்லாமத்தானே இப்படிக் கிடந்தது.

கதிரேசன்னு ஒரு பெரியவர். அறுபது வயசு இருக்கும். பாதி ஷட்டரைத் தூக்கி வச்சுக்கிட்டு உள்ள உக்காந்து வேலை பாத்துக்கிட்டிருந்தாரு. யாரோ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும், வண்டி கிளம்ப மாட்டேங்குதுன்னு கொண்டாந்து விட்டாங்களாம். ஆளாளுக்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்யும். "வெளிய வாங்க பெரியவரே"ன்னு கூப்பிட்டேன். "அஞ்சு நிமிஷம்பா"ன்னு சொல்லிக்கிட்டே ஷட்டருக்கு அடியில கையை ஊணி எட்டிப் பாத்தாரு. மலைச்சாமி என் முகத்தைப் பாத்தான். நான் ஒண்ணும் சொல்லல. ஒரே இழுப்பா ஷட்டரை இறக்கிட்டான்.

ரெண்டு விரல். சத்தம் கேட்டுச்சு, காஞ்ச குச்சி முறியுற மாதிரி. ஷட்டர் இறங்குறது தெரியுதுல்ல, கையை எடுத்திருக்கணும். மறுநாள் நானே ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கிட்டுப் போய்ப் பாத்தேன். அந்தப் பொம்பளை, அவரு சம்சாரம், பையை வாசல்லயே திருப்பிக் கொடுத்திருச்சு. மரியாதை தெரியாத குடும்பம். விரல் இப்ப சரியாப் போச்சு. மடங்காது, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் ஊருல ஒரு கடை திறக்கல. ஒரே ஒரு கடையைத் தவிர.

தேவநேசன் கடைப்பக்கம் நான் போகாம இருந்தேன். பழைய பழக்கம்னு விட்டு வச்சேன். அதையே புடிச்சுக்கிட்டாங்க. "கதிரேசனுக்கு விரலு, தலைவரோட சேக்காளிக்கு மட்டும் சலுகையா?"ன்னு டீக்கடையில பேச்சு. மலைச்சாமி வந்து என் காதுல போட்டான். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கல. ஒரு தலைவன் நடுநிலையா இருக்கணுமா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

பிப்ரவரி ரெண்டாவது ஞாயிறு போனேன். பத்துப் பேரும் பின்னால. கடையில நாலு பேரு நின்னாங்க, அதுல ஒரு டீச்சரம்மா, ஸ்கூட்டியை விட்டுட்டு நின்னாங்க. தேவநேசன் குத்துக்காலிட்டு உக்காந்து பிரேக்கைக் கழட்டிக்கிட்டிருந்தான்.

"தேவா, அடைச்சிரு"ன்னேன்.

"நேத்து அடைச்சிருந்தேன் குரு. வந்து பாத்தியா?"

"நேத்தைப் பத்திப் பேச்சில்ல. இன்னைக்கு அடை."

"நீ தவசிக்காக இதைப் பண்ற. எனக்குப் புரியுது. நானும் ஒரு நாள் ஓய்வெடுக்கிறேன். உனக்கு வேண்டியது ஓய்வா, ஞாயித்துக்கிழமையா?"

பொம்பளைங்க முன்னாடி என்னைக் கேள்வி கேக்குறான். லேசாத் தட்டுனேன். கன்னத்துல அறைஞ்சேன்னு எப்.ஐ.ஆர்.ல எழுதியிருக்காங்க. தட்டுனதுதான். கொஞ்சம் பலமாப் பட்டுருச்சு, உதடு கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. அவன் என்ன பண்ணான் தெரியுமா? புறங்கையால துடைச்சான். துடைச்சிட்டு மறுபடியும் உக்காந்து அந்தப் பிரேக்கைப் பூட்ட ஆரம்பிச்சான். அதுதான் தம்பி எனக்குத் தாங்கல. திருப்பி அடிச்சிருந்தா ரெண்டு பேரும் சமம்னு போயிருக்கும். அந்த ஸ்கூட்டியை எட்டி மிதிச்சேன். அது அவன் மேலயே சாஞ்சுது. டீச்சரம்மா அழ ஆரம்பிச்சிருச்சு. நாங்க வந்துட்டோம்.

அடுத்த ஞாயிறும் திறந்தான்.

அன்னைக்கு மலைச்சாமி கையில ஒரு பைக் செயின் வச்சிருந்தான். நான் எடுத்துட்டு வரச் சொல்லல. எடுக்க வேணாம்னும் சொல்லல, அது வேற. போனதும் பேசத்தான் செஞ்சேன். தேவநேசன் சட்டையைப் புடிச்சுக்கிட்டு, லேசாப் புடிச்சுக்கிட்டு, பேசிக்கிட்டிருந்தேன். மலைச்சாமி பின்னால இருந்து செயினை வீசுனான். தேவநேசன் முதுகுல விழுந்துச்சு. சட்டையோட தோலையும் இழுத்துக்கிட்டு வந்துச்சு. ரெண்டாவது தரம் வீசும்போது தேவநேசன் அப்படியே குனிஞ்சு கையால தரையில துழாவுனான். டயர் கழட்டுற இரும்புப் பட்டை கிடந்தது. அதை எடுத்துச் சுத்துனான்.

என் தாடையில விழுந்துச்சு தம்பி. மலைச்சாமிக்கு வச்சது எனக்கு விழுந்துச்சா, எனக்கே வச்சதான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கண்ணு முன்னால வெள்ளையா ஒரு வெளிச்சம். கீழே விழுந்து கிடக்கேன், வாயில கல்லு மாதிரி என்னமோ உருளுது. துப்புனேன். மூணு பல்லு. பேசுற மனுசனை வாயில அடிக்கிறது என்ன நியாயம்?

தாடை ரெண்டு இடத்துல விட்டுப்போச்சு. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேத்துக் கம்பி போட்டுக் கட்டிட்டாரு டாக்டர். வாயைத் திறக்கவே முடியாது. என் வீட்டுக்காரி கஞ்சியை வடிகட்டி ஸ்ட்ரால கொடுப்பா. கொடுக்கும்போதெல்லாம் சொல்லுவா, "போதுங்க, விட்டுருங்க, அவரு நம்ம வீட்டுக்கு எவ்வளவு செஞ்சிருக்காரு"ன்னு. பதில் சொல்ல முடியாததால அவளுக்கு நல்ல வசதி. நாலு வாரம் இப்படி. தலைவர்னா குரல்தானே தம்பி. குரல் இல்லாத தலைவனை எவன் மதிப்பான்? அந்த நாலு வாரத்துல ஊருல பன்னெண்டு கடை ஞாயித்துக்கிழமை திறந்துட்டாங்க.

மலைச்சாமி தினமும் வருவான். கட்டில் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "சொல்லுங்கண்ணே, என்ன பண்ணணும்னு சொல்லுங்க"ம்பான். என்னால பேச முடியாதுல்ல, காலண்டர் தாளைக் கிழிச்சு அதுக்குப் பின்னால எழுதிக் காட்டுவேன். கடைசியா ஒரு நாள் எழுதினேன். 'இந்த ஞாயிறு முடிச்சிரணும்.' மூணே வார்த்தை. அந்தத் தாளை அவன் மடிச்சுச் சட்டைப் பைக்குள்ள வச்சிருக்கான். எதுக்கு வச்சான்னு தெரியல. அவன் சட்டை பாதி எரிஞ்சு போச்சு, தாள் எரியல. இப்ப அது கோர்ட்டுல இருக்கு. நம்பர் போட்டு வச்சிருக்காங்க. முடிக்கணும்னா பேச்சுவார்த்தையை முடிக்கணும்னு அர்த்தம்னு என் வக்கீல் சொல்றாரு. நான் என்ன அர்த்தத்துல எழுதினேன்னு அவரு என்கிட்ட கேக்கல. கேக்காம இருக்கிறதுதான் நல்லதுன்னாரு.

வியாழக்கிழமை கம்பியைக் கழட்டுனாங்க. மெதுவாப் பேசலாம், கடினமானதைக் கடிக்காதீங்கன்னு சொல்லி அனுப்புனாங்க. ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணி இருக்கும். பதினாறு பேரு போனாங்க. நான் கடைக்குள்ள போகல தம்பி. சாமி சத்தியமாப் போகல. ரோட்டுக்கு எதிர்த்தாப்புல ஒரு டயர் கடை, பூட்டிக் கிடந்தது, ஞாயித்துக்கிழமைல்ல. அந்த நிழல்ல நின்னேன். உடம்பு சரியில்லாதவன், வேற என்ன செய்வேன். நடுவுல முப்பதடி ரோடு.

முதல்ல வண்டிகளை உடைச்சாங்க. ரிப்பேருக்கு வந்த வண்டி ஒன்பது. ஹெட்லைட்டு, டேங்க், எல்லாம். தேவநேசன் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நடுவுல வந்து நின்னான். "ஜனங்க வண்டிடா, அதை விடுங்கடா, என்னை அடிங்க"ன்னான். அடிச்சாங்க. சைலன்சர் குழாயை ஒருத்தன் ரெண்டு கையால தூக்கி அவன் முழங்கால்ல இறக்குனான். கால் பக்கவாட்டுல மடங்குச்சு. கால் அப்படி மடங்கக் கூடாது. அவன் போட்ட சத்தம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு. ஆனா யாரு பேரையும் சொல்லிக் கத்தல. என் பேரையும் சொல்லல. நான் நிக்கிறதைப் பாத்துட்டான். தரையில கிடந்தபடிக்கு என்னையே பாத்தான்.

மலைச்சாமி ஒரு கேனைத் தூக்கிட்டு வந்தான். பெட்ரோல். உடைச்ச வண்டி மேல ஊத்துனான், கழிவு ஆயில் டிரம் மேல ஊத்துனான். ஊத்திக்கிட்டே திரும்பி என்னைப் பாத்தான். எப்பவும் பாப்பானே, அது மாதிரி. ஒரு காரியம் பண்றதுக்கு முன்னாடி என் முகத்தைப் பாப்பான். அன்னைக்கு ரொம்ப நேரம் பாத்தான்னு எனக்கு ஒரு நினைப்பு. அவன் கைலி முழுக்க நனைஞ்சிருந்தது. கேன் ஓட்டைக் கேன். அவனுக்குத் தெரியல. எனக்கு இங்க இருந்து தெரிஞ்சுது, கீழே சொட்டுறது வெயில்ல மினுங்குச்சு.

எனக்கு வாய் வரல தம்பி. கம்பி கழட்டி மூணு நாள்தானே ஆகுது.

அவன் தீக்குச்சியை உரசுனான்.

நெருப்பு வண்டிக்குப் போகல முதல்ல. அவனுக்குத்தான் போச்சு. கால்ல இருந்து தலை வரைக்கும் ஒரு மூச்சுல ஏறிருச்சு. அப்புறம்தான் டிரம் புடிச்சுது. கறுப்பா ஒரு புகை. மத்த பதினஞ்சு பேரும் எங்க போனாங்கன்னு தெரியல. ஒருத்தன் செருப்பை விட்டுட்டு ஓடுனான். மலைச்சாமி ரோட்டுக்கு ஓடி வந்தான், என்னைப் பாத்துத்தான் ஓடி வந்தான், பாதி ரோட்டுல விழுந்துட்டான். விழுந்து உருண்டான். தோல் ரோட்டுல ஒட்டிக்கிட்டு உரிஞ்சு வந்துச்சு.

அப்ப கடைக்குள்ள இருந்து தேவநேசன் வந்தான். நடந்து இல்ல. அந்தக் காலை இழுத்துக்கிட்டு, கையை ஊணி ஊணி. பஞ்சர் பாக்குற தொட்டியில கிடந்த சாக்கை இழுத்துட்டு வந்து மலைச்சாமி மேல போட்டான். போட்டு அவனும் மேல விழுந்து கட்டிப் புடிச்சுக்கிட்டான். கையெல்லாம் வெந்துருச்சு அவனுக்கு. அணைஞ்சப்புறமும் விடல. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அவன் முதுகுல செயின் போட்ட காயம் இன்னும் ஆறல, சட்டைக் கிழிசல்ல தெரிஞ்சுது.

நான் நின்னேன். முப்பதடி. ஓடணும்னு நினைச்சேன். கால் வரல.

மலைச்சாமி நாலு நாள் இருந்தான் ஆஸ்பத்திரியில. மாஜிஸ்ட்ரேட் வந்து வாக்குமூலம் எழுதிக்கிட்டுப் போனாரு. "தலைவர் எழுதிக் கொடுத்தாரு, தலைவர் எதிர்த்தாப்புல நின்னாரு, வேணாம்னு சொல்லல, நான் ஊத்துனேன்"னு சொல்லியிருக்கான். எனக்கு அதுதான் தம்பி பெரிய வருத்தம். எனக்காக உயிரையே கொடுப்பான்னு நினைச்சவன், போகும்போது என் பேரைச் சொல்லிட்டுப் போயிட்டான். நான் அவனுக்கு என்ன குறை வச்சேன்?

தேவநேசன் கிட்டயும் கேட்டிருக்காங்க. அவன் காலை எடுக்க வேண்டியதாப் போச்சு, முழங்காலுக்கு மேல. அவன் கட்டில்ல கிடந்தபடி சொன்னது ரெண்டே வரி. "குரு உள்ள வரல, கையை ஓங்கல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டு இருந்தான்." இதைப் படிச்சுக் காட்டும்போது இன்ஸ்பெக்டர் என்னை ஒரு பார்வை பாத்தாரு. கைதாகும்போதுகூட எனக்கு அவ்வளவு அவமானமா இல்ல. என்னை வெட்ட வந்தான், கொளுத்த வந்தான்னு சொல்லியிருந்தாக்கூட ஏத்துக்கிட்டிருப்பேன். நின்னு பாத்துக்கிட்டு இருந்தானாம்.

எழுபது நாள் உள்ள இருந்தேன். ஜாமீன்ல வந்து கடையைத் திறந்தா ஒரு வண்டி வரல. ஊருல எல்லாக் கடையும் ஞாயித்துக்கிழமை திறந்திருக்கு. சங்கத்துக்காரன் ஒருத்தன் எட்டிப் பாக்கல. அறுபது பேருக்காகத்தானே தம்பி நான் பண்ணேன்.

ஒரே ஒரு ஆள்தான் வந்தது. மலைச்சாமி சம்சாரம், பேச்சியம்மா. வந்து ஸ்டூல்ல உக்காந்துச்சு. சண்டை போட வந்திருக்குன்னு நினைச்சேன். மெதுவாத்தான் கேட்டுச்சு.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லுங்க. தேவநேசன் அண்ணனைப் போய்ப் பாத்தேன். எரியும்போது என் வீட்டுக்காரரு தனியாக் கிடந்தாரான்னு கேட்டேன். இல்லம்மா, நான் புடிச்சுக்கிட்டு இருந்தேன், எதிர்த்தாப்புல இருந்து குரு 'மலைச்சாமி, நிறுத்துடா, பத்த வைக்காதடா'ன்னு தொண்டை கிழியக் கத்துனான், அந்தச் சத்தத்துல உன் வீட்டுக்காரனுக்குக் கேக்கலன்னு சொன்னாரு. நெசமாண்ணே?"

ஒத்தைக் கால்ல கிடக்கிறவன், போலீஸ்ல அப்படிச் சொன்னவன், இந்தப் பொம்பளை கிட்ட எதுக்கு இப்படிச் சொன்னான்? அது என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கு.

"ஆமா தாயி, கத்துனேன்"னு சொல்லிட்டேன்.

அது முந்தானையை வாயில பொத்திக்கிட்டு ரொம்ப நேரம் அழுதுச்சு. அப்புறம் எந்திரிச்சு என் கையைப் புடிச்சுக்கிட்டுச்சு. "ஊரே சொல்லுது, நீங்க ஏவி விட்டுட்டு வேடிக்கை பாத்தீங்கன்னு. எனக்கு மனசு ஆறலைண்ணே. கோர்ட்டுல உங்களைக் கேக்கும்போது இதைச் சொல்லுங்க. நான் கத்துனேன், அவன் காதுல விழலன்னு எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. எம் பிள்ளைங்களுக்கு அது போதும்"னுச்சு. சொல்றேன்னேன். வேற என்ன சொல்றது?

வக்கீல் கிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவரு குதிச்சாரு. "கத்துனேன்னு சொன்னா அங்க நின்னேன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அந்தத் தாளும் சேந்துச்சுன்னா பத்து வருஷம். அன்னைக்கு நீங்க அங்க இல்லவே இல்ல. தாடை வலியில வீட்டுல படுத்திருந்தீங்க. உங்க சம்சாரத்தைச் சாட்சிக்குக் கூட்டியாங்க"ங்கிறாரு. என் வீட்டுக்காரி வர மாட்டேன்னுட்டா. அவ அம்மா வீட்டுக்குப் போய் மூணு மாசம் ஆச்சு.

இன்னைக்குத்தான் என்னைக் கேக்கப் போறாங்க. கேள்வியை எழுதி வச்சிருப்பாங்களாம். நின்னியா, இல்லையான்னு.

கத்துனேன்னு சொல்லிட்டா அந்தப் பொம்பளைக்கு நிம்மதி. எனக்கு ஜெயிலு. இல்லவே இல்லைன்னு சொன்னா ஒருவேளை நான் வெளிய. மூணாவதா ஒண்ணு இருக்கு, அதை யாரும் என்கிட்ட கேக்கல. வக்கீலுக்கும் வேணாம், அந்தப் பொம்பளைக்கும் வேணாம், தேவநேசனும் அந்தப் பொம்பளைகிட்ட அதை மாத்திச் சொல்லிட்டான். அப்புறம் நான் மட்டும் எதுக்கு அதைத் தூக்கிச் சுமக்கணும்? நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. வழியில பாத்த ஆளு. உங்ககிட்ட சொன்னதுல எனக்கு ஒண்ணும் நட்டமில்ல.

கோர்ட் வந்துருச்சா? ஆமா, அந்த மரம்தான்.

மெதுவாப் பேசுங்க தம்பி. அந்தா, டிரைவர் சீட்டுக்குப் பின்னால ஊதாச் சேலை, எந்திரிச்சு நிக்குது பாருங்க. அதுதான் பேச்சியம்மா. எங்க ஊர்லயே ஏறுச்சு. என்னைப் பாத்து, முன்னால வாங்கண்ணே, இடம் இருக்குன்னு கூப்பிட்டுச்சு. வெயில் அடிக்குதுன்னு சொல்லிட்டு இங்க வந்து உக்காந்துட்டேன். கூட ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்திருக்கு. அவங்க கேக்கணும்னுதான்.

இறங்கிட்டாங்க. திரும்பிப் பாக்குது. கையை ஆட்டிக் கூப்பிடுது, "வாங்கண்ணே, நேரமாச்சு"ன்னு.

நீங்க இங்கதானே இறங்கணும்னு சொன்னீங்க? இறங்குங்க தம்பி, நீங்க முன்னால இறங்குங்க. காலை ஒதுக்கிக்கிறேன். இல்ல, எனக்கு ஒண்ணும் பண்ணல, நல்லாத்தான் இருக்கேன். கண்டக்டர் விசில் கொடுக்கட்டும், பாத்துக்கலாம். நான் இப்படிக் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்.